ஐஸ்லாந்து ஏரியும் என் மனிசனின் நித்திரையும்

போன ஜூனில் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஐஸ்லாந்து போய் வந்தோம். ஐஸ் மலைகள் மிதக்கிற யோக்குல்சார்லோன் ஏரியைப் பார்க்க என்பது வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. கணவருக்கு விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் இரவு ஷிப்ட். எனக்கு அங்கேயே ஒரு கடையில் பகல் ஷிப்ட். பிள்ளையோடு ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு. மகன் யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டான், ஷிப்ட் மட்டும் மாறவில்லை. பத்தொன்பது வருடமாக நான் வர அவர் போவார். ஒரு நல்ல காட்சியை இரண்டு பேரும் முழித்திருந்து சேர்ந்து பார்க்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் ஆசை.

முதல் பிழை, லீவை மிச்சம் பிடிக்க, அவர் வேலை முடித்த கையோடு காலை 7.50 விமானத்தில் ஏறியது. மூன்றேகால் மணித்தியாலம். அங்கே நேரம் ஒரு மணித்தியாலம் பின்னால் என்பதால் பத்து மணிக்கே இறங்கிவிட்டோம். வாடகைக் கார் எடுத்து வெளிக்கிடப் பதினொன்று. ஏரிக்கு 420 கிலோமீட்டர். வீக் என்ற சிற்றூர்வரை அவர் ஓட்டினார், பிறகு நான். வழியெல்லாம் மழை.

"கொஞ்சம் கண்ணயருங்கோவன்."

"எனக்கு நித்திரை இல்லையப்பா. நீர் றோட்டைப் பாரும்."

நித்திரை இல்லாத மனிசன் ஒரே பெற்றோல் நிலையத்தில் மூன்று கோப்பி குடித்தார்.

5.10க்குப் போய்ச் சேர்ந்தோம். கார் நிறுத்த ஆயிரம் குரோனா, ஏறக்குறைய ஆறு பவுண். 5.40 படகுக்குப் பதிவு செய்திருந்தோம், ஆளுக்கு ஏழாயிரம் சொச்சம். நான் கவுண்டரில் டிக்கெட்டைக் காட்டிவிட்டு வர, அவர் சீட் பெல்ட்டோடு, வாயைத் திறந்தபடி நித்திரை.

எழுப்பத்தான் போனேன். கை தோள்வரை போய் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் பகலில் குக்கர் விசில் அடிக்காது, மிக்ஸி ஓடாது. மகன் நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான். அப்பா நித்திரை என்றால் அது சட்டம். அடிக்கிற காற்றில் யாருக்கும் எதுவும் கேட்காது, நான் கார்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

கரையில் தனியே நின்றேன். ஐஸ் எல்லாம் நல்ல நீலம், சில கட்டிகளில் எரிமலைச் சாம்பல் வரிவரியாக. பெரிய கட்டி ஒன்று மெல்லப் புரண்டபோது "இஞ்ச பாருங்கோ" என்று வாய் தவறி வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். படகு எங்கள் இரண்டு இடமும் காலியாகப் போனது. அவரில் கோபம், என்னில் அதைவிடக் கோபம்.

6.45க்கு முழித்தார்.

"படகு எத்தினை மணிக்கு?"

"அது வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலமாச்சு."

"ஏனப்பா எழுப்பேல்லை?"

"எழுப்பிப் பழக்கமில்லை."

அவர் பெல்ட்டைக் கழற்றினார். மழையில் இருபது நிமிடம் கரையில் நின்றோம். "வடிவாத்தான் இருக்கு" என்று கொட்டாவி விட்டார். மறுநாள் காலைப் படகுகளில் இடமில்லை, பின்னேரம் எங்களுக்கு விமானம்.

போகிறவர்களுக்குச் சொல்வது, ஷிப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள். முதல் நாள் வீக்கில் தங்கி, படகை மறுநாளுக்குப் போடுங்கள். ஜூனிலும் தடித்த ஜாக்கெட், கையுறை வேண்டும். சாப்பாடு கொண்டு போங்கள், எங்களைப் புட்டும் சம்பலும்தான் காப்பாற்றின.

திரும்பி வந்த கிழமை எனக்கு ஒரு நாள் லீவு. மத்தியானம் பன்னிரண்டு மணி, அவர் நல்ல நித்திரை. அறைக்குள் போய்த் தோளைப் பிடித்து உலுப்பினேன். பதறி எழும்பினார்.

"என்ன, என்ன நடந்தது? பிள்ளைக்கு ஏதும்...?"

"ஒண்டுமில்லை. சும்மா எழுப்பினனான்."

மணிக்கூட்டையும் என்னையும் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் தள்ளிப் படுத்து, எனக்கு இடம் விட்டார்.