எலும்பு வார்டு சிஸ்டர் ஓடிய ஓட்டம்

ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே ரேடியோ இருந்த காலம் அது. ஆண்டுவிழா ஓட்டப் பந்தயத்தில் எந்த வார்டு நர்ஸ் முதலில் வருகிறாரோ, அடுத்த பந்தயம் வரைக்கும் ரேடியோ அந்த வார்டில் பாடும். ஆனால் அது ஆண்கள் வார்டை விட்டு நகர்ந்ததே இல்லை. அங்கிருந்த நெட்டை சிஸ்டரின் கால் அப்படி.

அந்த வருஷம் பெண்கள் எலும்பு வார்டு சிஸ்டரும் பெயர் கொடுத்தாள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் கூரையைப் பார்த்தபடி கிடந்த பெண்கள் அவள் பொறுப்பில் இருந்தார்கள். மாலையில் எதிர்க் கட்டடத்து ஆண்கள் வார்டிலிருந்து பாட்டு பாதிதான் வந்து சேரும். மீதியைக் காற்று தின்றுவிடும்.

பள்ளிக்கூடத்தில் ஓடியவள்தான். ஆனால் வார்டில் ஓடக்கூடாது என்பது நர்ஸ் வேலையின் முதல் பாடம். ஓடினால் நோயாளிகள் கதிகலங்கிப் போவார்கள். அப்படி நடந்தே பழகிய கால், மைதானத்தில் ஓடும்போதும் எங்காவது கதவு கிறீச்சிட்டால் உடனே நடைக்கு இறங்கிவிடும். தலை தானாகத் திரும்பும்.

பயிற்சி கொடுத்தது நோயாளிகள்தான்.

"சிஸ்டர், டீயைக் குறைங்க. மூச்சு வாங்குது பாருங்க."

"காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறவங்க எனக்கு ஓட்டம் சொல்லித் தர்றீங்களா?"

"எங்களுக்குத்தான் கால் அருமை தெரியும். போங்க, மாடிப்படி ஏறுங்க."

ஏறினாள், இறங்கினாள். ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் நனைத்தாள். உடம்பு வழிக்கு வந்தது, மனசு வரவில்லை.

"யாரோ முனகுற மாதிரியே காதுல கேக்குதுக்கா. திரும்பிப் பாக்காம இருக்க முடியல" என்றாள், தொடையெலும்பு உடைந்து ஜன்னலோரம் கிடந்த தையல்காரம்மாவிடம்.

"அந்தக் கவலைய எங்ககிட்ட விடுங்க."

பந்தயத்தின் கடைசித் தூரம் வார்டு ஜன்னல்களை ஒட்டித்தான். தையல்காரம்மா உத்தரவு போட்டுவிட்டாள்: யாரும் முனகக் கூடாது, கூப்பிடக் கூடாது, பாத்திரத்தைத் தட்டக் கூடாது. பந்தய நேரத்தில், எப்போதும் இருமிக்கொண்டிருக்கும் மூலைக்கட்டில் அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் வந்தாள். நெட்டை சிஸ்டர் ஒரு கை தூரம் பின்னால். முடிவுக் கயிறு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது: தன் வார்டில் சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை. இத்தனை வருஷ வேலையில், வார்டு இப்படி ஓய்ந்து கிடந்ததென்றால் ஒரே ஒரு காரணம்தான்.

கால்கள் கயிற்றை விட்டு விலகி வார்டு வாசல் பக்கம் திரும்பின. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக அவள் வார்டுக்குள் ஓடி வந்தாள்.

"யாருக்கு? என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலடி பாவி! ஓடு!" பதற்றத்தில் தையல்காரம்மாவுக்கு மரியாதை பறந்துவிட்டது.

வெளியே நெட்டை சிஸ்டருக்குக் கைதட்டினார்கள்.

மூலைக்கட்டிலிலிருந்து இருமல் பீறிட்டு வந்தது. சிஸ்டர் ஓடிப்போய் அந்த அம்மாவை நிமிர்த்தி முதுகைத் தடவினாள். "மூஞ்சி நீலம் பூத்துப்போச்சு. யார் சொன்னது இப்படி அடக்கச் சொல்லி?"

"நீங்க ஜெயிக்கணும்னுதான்..."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாக் கட்டில்களும் சிரித்தன. தொங்கிய எடைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"அடுத்த வருஷம் நல்லாக் கத்துங்க, போதும்" என்றாள் சிஸ்டர் மூச்சிரைக்க.

"அடுத்த வருஷமும் எங்கள இங்கயே படுக்க வைக்கிறதாத்தான் உத்தேசமா?" என்றாள் தையல்காரம்மா.