ஐந்தாம் கெஜக் கோட்டில் வெர்லீனின் அண்ணன்

எங்கள் லூசியானா ஊரில் டிசம்பர் கடைசியில் 'பவுல்' என்ற கோப்பைக்காக நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறவள் வெர்லீன் கில்லரி. நான் அவளுக்குப் பெயிண்ட் கலப்பவன். கோடு இம்மி கோணினாலும் என்னைத்தான் வறுத்தெடுப்பாள். மறுநாள் ஒரு சட்டி கம்போ சூப்போடு வருவாள். என் கோபமும் போய்விடும்.

அவள் அண்ணன் ஆல்சீட், கல்லூரியில் படித்த நாளில் இதே பவுலில் பந்தை நெஞ்சோடு அணைத்து ஓடிவந்து, எல்லைக்கு ஐந்தே கெஜம் இருக்கையில், ஐந்தாம் கெஜக் கோட்டில் நழுவவிட்டான். கோப்பை போனது. பிறகு மர மில்லில் வலது கைக் கட்டைவிரலும் போனது. "விரல் போனத எல்லாரும் மறந்துட்டாங்கடா, பந்து போனத எவனும் மறக்கல" என்பான்.

போன வசந்தத்தில் அவனும் போனான். தன் சாம்பலை அந்தக் கோட்டில் போடச் சொல்லியிருந்தான். இங்கே பலர் கமுக்கமாகச் செய்வதுதான். புல்லில் தூவிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வெர்லீன் தூவவில்லை. இந்த டிசம்பரில், ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி சாம்பலோடு வந்தாள்.

"காத்துல போயிடும். பெயிண்ட்ல கொட்டிக் கலக்கு."

"வேணாம் வெர்லீன், மனசுக்கு ஒப்பல."

"உன் மனசு யாருக்கு வேணும்? கலக்கு."

கலக்கினேன். அவள் கோடு போட்டாள். மறுநாள் காலையிலேயே அது காய்ந்துவிட்டது.

மதியம் ஆட்டம். ஒருவன் அந்தக் கோட்டுக்கு வந்தான். பக்கத்தில் ஆளே இல்லை, பந்து விழுந்தது. எதிரணிக்காரனுக்கும் அதே இடம், அதே கதி. கூட்டம் சிரித்தது. மூன்றாவது முறை விழுந்தபோது நான் வெர்லீனைப் பார்த்தேன்.

"தானா விழல. அண்ணன் புடுங்குறான். அவனே கொண்டுபோகணும்னு பாக்குறான்" என்றாள் வெர்லீன்.

கடைசி நிமிடம். ஆல்சீட்டின் மகன் டோரியன், நான்கு புள்ளி பின்தங்கியிருந்த தன் அப்பாவின் கல்லூரிக்காகப் பந்தோடு ஓடிவந்தான். எல்லையைத் தாண்டினால் ஆறு புள்ளி, கோப்பை. நழுவவிட்டால் அப்பன் சுமந்த பெயரை இவனும் சாகும்வரை சுமக்க வேண்டும். வெர்லீன் மைதான ஓரத்தில் மண்டியிட்டு, கோட்டின் நுனியில் கை வைத்தாள்.

"அண்ணே, விட்டுடு. வர்றது உன் புள்ள."

கோட்டில் பந்து அவன் கையை விட்டு எகிறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் அலறியது. திறந்தபோது அவன் எல்லையைத் தாண்டி நின்றான், பந்தோடு.

மூச்சு வாங்க எங்களிடம் ஓடிவந்தான். "அத்தை, பந்து போயிடுச்சு. யாரோ திருப்பி என் நெஞ்சுல வச்சு அழுத்துனாங்க."

அவனுடைய நீலச் சட்டையில், நெஞ்சின்மேல், வெள்ளையாக ஒரு கை பதிந்திருந்தது. வெர்லீன் தொட்டாள், ஈரப் பெயிண்ட் ஒட்டியது.

கட்டைவிரல் இல்லை.