பெரிய விமானத்துக்குப் பூக் கேட்ட கதை

நான் ஓட்டுகிற விமானத்தின் இரண்டு இறக்கைகளிலும் காற்றாடி உண்டு. எழுபது பேர் உட்காரலாம். சேலம் மாதிரியான சின்ன விமான நிலையங்களுக்கு அந்த அளவுதான் தோது. என் கணவர் வழி உறவுக்காரர்களுக்கு அந்தக் காற்றாடிதான் கண்ணை உறுத்தும். புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த லாரிக்காரர் விசாரித்தார்.

“ஏனுங்க, காத்தாடி வெச்சதெல்லாம் பழைய மாடலுங்களா? உங்களுக்குப் புது வண்டி எப்பங்க குடுப்பாங்க?”

புது வண்டிதான், எண்ணெய் கம்மியாகக் குடிக்கும், சின்ன ஓடுபாதையே போதும் என்று பெருமையாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னார். பாவம் என்று நினைத்துவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. ஜெட் விமானம், டெல்லியில் வாசம், துபாய், சிங்கப்பூர் என்று போய்வரலாம். ஆனால் அங்கே போனால் நான் வரிசையில் கடைசி ஆள். வலது பக்கத்து இருக்கையில் துணை விமானியாக இன்னும் பல வருஷம் காத்திருக்க வேண்டும். இங்கேயே இருந்தால் அடுத்த வருஷமே இடது பக்கத்து இருக்கை, அதாவது கேப்டன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

என் கணவருக்கு நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை. கோழிகளை டெல்லிக்குக் கூட்டிப்போக முடியாது. நான் பெங்களூரிலிருந்து பறக்கிறேன். விடுமுறை கிடைத்தால் காலையில் பஸ் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பண்ணைக்கு வந்துவிடுவேன். கடிதத்தைக் காட்டியதும் அவர், “உன் இஷ்டம்” என்றார். மறுநாள் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், இதைவிட எரிச்சலான பதில் உலகத்தில் கிடையாது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் என் பிறந்த வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். “குடும்பத்துக்காகத் தியாகம் பண்றேன்னு கெளம்பிடாதடி. அப்பறம் காலம் பூரா சொல்லிக் காட்டுவ.” கூட வேலை செய்கிற தோழியும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னாள். தியாகம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் இங்கேயே இருந்தால் ஊரும் உறவும் அந்தப் பட்டத்தை என் தலையில் கட்டிவிடும் என்று தெரிந்தது. அந்த வீம்பிலேயே டெல்லிக்குப் போவது என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்தேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு என் காற்றாடி விமானத்தைப் பிடிக்கும். தாழப் பறக்கும். காற்று கொஞ்சம் முறைத்தாலும் கைக்குத் தெரியும். சேலத்தில் இறங்க வரும்போது ஏற்காட்டு மலையும், நீள நீளமான கோழி ஷெட்டுகளும், சோளக்காடுகளும் தெளிவாகத் தெரியும். அதில் கேப்டனாக உட்கார எனக்குக் கொள்ளை ஆசை. அதை யாரிடமும் சொல்லவில்லை. பெரியதை விட்டுச் சின்னதை ஆசைப்படுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

விடுமுறையில் பண்ணைக்கு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை மாமியார் குளித்துத் தயாராக நின்றார். “அம்மங்கிட்ட பூக் கேட்டுப்புடலாம் வா சாமி.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பெண் எடுப்பதா, தோட்டத்தில் போர்க்கிணறு போடுவதா என்று சந்தேகம் வந்தால், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் முடிவுதான் எடுத்தாயிற்றே, அம்மன் என்ன சொன்னால் என்ன என்று கிளம்பினேன்.

வெள்ளை வந்தால் டெல்லி, சிவப்பு வந்தால் இங்கே. பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

என் மனம் குதித்த குதியில் எனக்கே வெட்கமாகிவிட்டது. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகமோ தொங்கிப்போயிருந்தது.

“அம்மன் சரியாக் கவனிக்கலையாட்ட இருக்குதுங்க” என்றார் பூசாரியிடம். “இன்னொருக்காப் போட்ரலாம். இந்தத் தடவை நானே மடிக்கறனுங்க.”

தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று மடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு காகிதத்திலும் வெள்ளைப் பூ.

“அத்தை, ரெண்டும் வெள்ளையாட்ட இருக்குதுங்களே” என்றேன்.

பூசாரி விளக்குக்கு எண்ணெய் விடுவதுபோல் நைசாக நகர்ந்துவிட்டார். மாமியார் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார்.

“நீ இங்கயே இருந்தீன்னா ஊரு என்ன பேசும்? மாமியாக்காரி பிடிச்சு வெச்சுக்கிட்டா, இல்லாட்டிப் பெரிய பிளேன் ஓட்டியிருப்பாம்பாங்க. எனக்கு அந்தப் பேரு வேண்டாஞ்சாமி. நீ போயிட்டு வா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடித்து வைத்தேன் என்ற பெயருக்குப் பயந்து அவர் என்னைத் துரத்துகிறார். விட்டுக்கொடுத்தேன் என்ற பெயருக்குப் பயந்து நான் ஓடுகிறேன். இடையில் அம்மனை வேறு ஏமாற்றப் பார்த்தோம். பக்கத்தில் உட்கார்ந்து முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

“எனக்கு இந்தச் சின்ன வண்டிதான் பிடிச்சிருக்குதுங்க அத்தை. அடுத்த வருஷம் அதுல நான்தான் கேப்டன். உங்களுக்காகவும் இல்லீங்க, உங்க மகனுக்காகவும் இல்லீங்க, கோழிக்காகவும் இல்லீங்க. யாரு கேட்டாலும் இப்படியே சொல்லிப்புடுங்க.”

பாரம் இறங்கியதுபோல் அவர் மூச்சு விட்டார். இரண்டு வெள்ளைப் பூவையும் அம்மன் காலடியில் போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். பாதி தூரம் வந்ததும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“எங்களுக்காகக் கொஞ்சங்கூட இல்லையா சாமி?”

தியாகம் என்ற சொல்லுக்குப் பயந்து பயந்து, இன்னொன்றையும் சேர்த்து மூடி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினால் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கும் இவரையும், சட்டையெல்லாம் தீவன வாசத்தோடு வந்து நிற்கும் அவர் மகனையும் எனக்குப் பிடித்திருந்தது. டெல்லியிலிருந்து அப்படி நினைத்தபோது வந்து இறங்க முடியாது.

“இருக்குதுங்க அத்தை. நெறையவே இருக்குதுங்க. சொல்லத்தான் ரோசமா இருந்துச்சு.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரோட்டப் பாத்து ஓட்டு” என்றார்.

சாயங்காலம் பெரிய கம்பெனிக்குப் பதில் எழுதினேன். வர இயலாததற்குக் காரணம் ஒரு வரியில் கேட்டிருந்தார்கள். எல்லாரும் எழுதுவதுபோல் ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதினேன். வேலையிடங்களில் லீவு கேட்டு அதற்கு முன்பு எத்தனையோ முறை அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது பொய்யாக இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.