உத்தரத்துக்கு ஏறிய விளக்கு

ஏலக்காய் இடிக்கிற வாசம் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் நாக்கு ஊறுகிறது. எனக்குக் கோபம் வருகிறது. கூடவே சீமையெண்ணெய்ப் புகையும் மணக்கிற மாதிரி இருக்கும். அடுப்படியை விட்டு எழுந்து போய்விடுவேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் வீட்டுக் கூடத்தில் காய் பொறுக்கும் வேலை. பச்சை தனி, வெளிறியது தனி, வெடித்தது தனி என்று பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரிப்போம். அவரவர் பிரித்த மூட்டையின் வாயில் அவரவர் சேலைக் கிழிசலைக் கட்டுவது வழக்கம். ஐப்பசி மழையில் மூன்று மணிக்கே கூடம் இருட்டிவிடும்.

அந்த வருஷம் முதலாளி மதுரையிலிருந்து ஒரு தொங்குவிளக்கு வாங்கி வந்தார். பூப்போட்ட கண்ணாடிக் குடை, சங்கிலி, கப்பி, எடைக்கு ஒரு பித்தளைக் குண்டு. ஒரு விரலால் இழுத்தால் இறங்கும், விட்ட இடத்தில் நிற்கும். அழகுதான், பொய் சொல்லமாட்டேன். வேலை செய்கிற கைக்குப் பக்கத்தில் இறக்கிக்கொள்ளச் செய்த பொருள். அதை அவர் உத்தரத்தோடு ஒட்ட ஏற்றிவைத்தார். வாசலில் வண்டி நிறுத்துகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். எங்கள் அரிக்கேன் விளக்குகள் கூடத்தின் அழகைக் கெடுக்கின்றன என்று அவற்றையும் எடுத்துவிட்டார். சுவரெல்லாம் பூ. எங்கள் மடியில் எங்கள் தலையின் நிழல். அந்த மங்கல் மஞ்சளில் பச்சையும் வெளிறியதும் ஒரே நிறம். தடவி, மோந்து, குத்துமதிப்பாகப் போட்டோம்.

பக்கத்தில் உட்காருகிறவளை அக்கா என்பேன். அடிக்கிற புருஷனை விட்டு அனுமந்தன்பட்டியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வேலை இருக்கும்வரைதான் இங்கே இருப்பு, இல்லாவிட்டால் திரும்ப அவனிடமே என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

ஒரு நாள் காலை வெயிலில் வெளியூர் வியாபாரி அவிழ்த்த மூட்டையில் வெளிறிய காய் கலந்து கிடந்தது. வேண்டாமென்று போய்விட்டார். மூட்டையில் அக்காவின் கிழிசல். பிற்பகல், மழை இருட்டில், எல்லோர் முன்னாலும் முதலாளி அவளைக் கேட்டார், கண் அவிந்துபோச்சா என்று.

அக்கா எழுந்து, ஒரு மூட்டைமேல் ஏறி, விளக்கைப் பிடித்து இழுத்தாள். சத்தமில்லாமல் இறங்கி எங்கள் முகத்துக்கு நேரே நின்றது. என் முறத்தில் கிடந்த காய்களின் நரம்புகூடத் தெரிந்தது.

"இத மேல ஏத்திட்டு, இங்கன உக்காந்து நீங்க ஒரு மொறம் பொறுக்குங்க மொதலாளி. பெறகு எங் கண்ணப் பத்திப் பேசலாம்."

முதலாளி குடையில் பதிந்த அவள் விரல் தடத்தை வேட்டி முனையால் துடைத்தார். விளக்கைப் பழைய உயரத்துக்கே ஏற்றினார். அப்புறம்தான், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

பதினொரு தலையும் நிமிரவில்லை. அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. குனிந்தே இருந்த என் கழுத்தின்மேல் அதைவிட.

தண்ணீர் குடிக்கிற சாக்கில், வெளியேறிய அக்காவின் பின்னால் வாசலுக்கு ஓடினேன். அண்ணனிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"சொல்ல என்ன இருக்கு? நாளைக்கே வண்டி ஏத்தி விட்ருவாக."

பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

"நீ உள்ள போ ஆத்தா. ஒம் மொறத்துல இன்னும் பாதி கெடக்கு."