கல்யாணக் கவரில் ஒரு அட்வான்ஸ்

எங்கள் பீரோவில் நகை கிடையாது. நான்கு மூலையிலும் மஞ்சள் மங்கிய ஒரு கல்யாணக் கார்டு கவர்தான் உண்டு. உள்ளே இருபது பழைய ஐநூறு ரூபாய் நோட்டுகள். ஒன்றுக்கும் உதவாதவை, என்னைப் போல. மேலே பென்சிலில் "மாடி வீட்டுத் தம்பிக்க காசு" என்று எழுதியிருக்கிறதாம். எனக்கு வாசிக்கத் தெரியாது, மனைவி சொன்னாள்.

எழுதியது, வடசேரியில் எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்த அக்கா. சந்தையில் மூட்டை தூக்குகிறவன் என்றதும் மற்ற வீட்டுக்காரர்கள் அட்வான்ஸை ஏற்றினார்கள். அக்கா மட்டும் பத்து மாத வாடகையான பத்தாயிரத்தை வாங்கி, என் கண்முன்னே கவரில் போட்டு ஒட்டினாள். "நீ எறங்கிப் போறப்போ தரதுக்குள்ளது மக்கா. தொட்டா எனக்க கை வெந்துபோவும்."

ஐநூறு செல்லாது என்ற நாட்களில், ஒரு டீக்கும் வடைக்கும் கடைக்காரர்களுக்காக பேங்க் வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தேன். என் பத்தாயிரம் கீழ்வீட்டுப் பீரோவில் கிடப்பது அந்த வடை தின்ற மண்டைக்கு எட்டவில்லை.

மறுவருடம் மனைவிக்கு இரணியலில் வேலை கிடைத்தது. அங்கே வீடு பார்த்துவிட்டு அட்வான்ஸைக் கேட்டேன். கவரைப் பிரித்தால் அத்தனையும் பழைய ஐநூறு.

"அக்கா, ஒங்க காச மாத்துனியளா?"

"எனக்குள்ளத அப்பமே மாத்திட்டேன். இது உனக்க காசுல்லாலே! நான் எப்பிடித் தொடுவேன்?"

அழுதேவிட்டாள். பிறகு, "பத்து மாசம் வாடகை இல்லாம இருந்து கழிச்சிட்டுப் போ" என்றாள். இரணியல் வீடு கைவிட்டுப் போனது. மனைவி என்னைத் திட்டிக்கொண்டே தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். மாதம் பிறந்தால் அக்கா படிக்கட்டடியில் நின்று, "இன்னும் எட்டு இருக்குலே" என்று எண்ணுவாள். கடைசி மூன்று மாதம் எண்ணவில்லை. இன்னும் எத்தனை என்று நானும் கேட்கவில்லை.

இறங்கும் அன்று கவரைக் கையில் வைத்தாள். "கழிஞ்சுபோச்சே அக்கா" என்றேன். "கழிஞ்சது எனக்க வாடகை. இது உனக்குள்ளதுல்லா."

இப்போது இரணியலில் நானும் ஒரு வீட்டுக்காரன். வீட்டை ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக்கு முதலாளி. நேற்று அதில் குடிவந்த டிரைவர் அட்வான்ஸைப் போனிலேயே அனுப்பினார். போன் ஒரு சத்தம் போட்டது, கை வெறுமனே கிடந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வடசேரி வீட்டை விற்று மகளோடு எங்கோ போய்விட்டாள். அவளுடைய நம்பர் இப்போது வேறு யாருக்கோ. தெரிந்தே கூப்பிட்டு, அந்த ஆளிடம் இரண்டு தடவை திட்டும் வாங்கியிருக்கிறேன்.

இன்று காலை ஏடிஎம்மில் அந்தப் பணத்தை எடுத்துவந்து, அதே கவரில் பழைய நோட்டுகளுக்கு மேலே வைத்தேன். மனைவி பென்சிலும் ரப்பருமாக வந்தாள்.

"ரப்பர் வேண்டாம்ட்டி," என்றேன். "அதுக்குக் கீழ டிரைவருக்க காசுன்னு எழுது."