‘ஒப்புக்கொண்டார்’ என்று நான் எழுதிய தாள்

என் மேசைக்கு மேலே ஆணியில் ஒரு தாள் தொங்குகிறது. பழுப்பேறிவிட்டது. ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று முத்து முத்தாக என் கையெழுத்து. அதன்மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. கோடு போட்டவர் எங்கள் லாயரம்மா.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்த புதிது. மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டு மாடியில், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வழக்காடும் அலுவலகத்தை அவர் நடத்திவந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நானோ எஸ்டேட்டில் இருபது வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்துவிட்டு, டவுனுக்கு வந்து அவரிடம் எழுத்துவேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவன். ஆளைப் பார்த்தாலே எடைபோட்டுவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு.

ஒரு கடைக்காரர் கொடுத்த சைக்கிள் திருட்டு வழக்கில் மாட்டிய ஒருவர் வந்தார். அரசாங்கப் பியூன், தண்டனை விழுந்தால் வேலை போய்விடும். நெற்றி நிறைய விபூதி, பெயரோ சாமி பெயர். "கடைக்காரரு சைக்கிள நீங்கதான் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். "ஆமா, ஆமா" என்று சிரித்தபடி தலையாட்டினார். ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்தேன்.

"தப்ப ஒத்துக்கிட்டாரும்மா. தண்டனையக் கொறைக்கச் சொல்லிக் கேட்டாப் போதும்."

லாயரம்மாவுக்கு ஒரு வழக்கம். யார் எழுதிக் கொடுத்தாலும் சரி, கட்சிக்காரர் தம் வாயால் முழுக்கதையையும் சொல்லாமல் கோர்ட் படி ஏறமாட்டார். "நடந்தத நீங்களே சொல்லுங்க" என்றார். பியூன் அதற்கும் தலையாட்டினார். லாயரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு மலாயில் கேட்டார். அடேயப்பா, மடை திறந்ததுபோல் கொட்டினார் மனிதர்! அது செமாபோக்கில் இருக்கும் மச்சான் இரவல் கொடுத்த சைக்கிளாம். தொலைந்த தன் சைக்கிள் மாதிரியே இருக்கவும் கடைக்காரர் புகார் கொடுத்துவிட்டார். பியூன் ஒரு மலாக்கா செட்டி. கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய். கோயிலில் யார் தமிழில் என்ன சொன்னாலும் மரியாதைக்குத் தலையாட்டியே பழகியவர்.

"கிராணியாரே, விபூதியப் பாத்துப் பாஷைய முடிவு பண்ணிட்டீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. தாளைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்க, ஆணியில மாட்டுங்க" என்று சொல்லிக் கோடு போட்டார்.

மச்சான் சைக்கிள் வாங்கிய ரசீதோடு கோர்ட்டுக்கு வந்தார். விடுதலை! வெளியே வந்த பியூன் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிமா காசி, ஐயா" என்று மலாயில் நன்றி சொன்னார். அவரைச் சிறைக்கு அனுப்ப இருந்த கை அதுதான் என்று அவருக்குத் தெரியாது.

லாயரம்மா இப்போது இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினால் அண்ணாந்து தாளைப் பார்க்கிறேன். பியூன் பிடித்த அந்தக் கை, பேனாவைத் தானாகக் கீழே வைத்துவிடுகிறது.