கரை ஒதுங்கிய வள்ளம்

துறைமுக வாசலில் ஆப்பக்கடை போட எனக்கு எல்லாம் ஓசியாகவே கிடைத்தது. கிழிந்த சாக்கில் படுதா, கப்பல் பெட்டிப் பலகையில் மேசை. விறகுதான் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. விறகு இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் பிள்ளைகள் பட்டினி.

பக்கத்தில் ஒரு அக்கா இட்லிக்கடை வைத்திருந்தாள். வற்றிய உடம்பு, புகையில் சிவந்த கண். அடுப்பு அணைந்ததும் சாம்பலைக் கிளறிச் செம்பு ஆணிகளைப் பொறுக்குவாள். பழைய செம்புக்கு விலை உண்டு.

“அக்கா, விறகு எங்கன வாங்குதிய?”

“காசு குடுத்தா வாங்குதேன்? ஆளக் கொன்ன வள்ளத்த இங்கன எவனும் தொட மாட்டான். கரையில ஒதுங்கிக் கெடக்கு, ஒடைச்சு எரிக்கேன். நீயும் பாதி எடுத்துக்கோ.”

“பயமில்லையாக்கா?”

“ஏளா, எம் மவன் போன வள்ளம் அது. இன்னும் என்னத்தப் பண்ணப் போவுது?”

கடை திறந்தேன். இருவரும் அந்த வள்ளத்தைத்தான் எரித்தோம். அவள் ஒருநாளும் அழுது நான் பார்க்கவில்லை.

கடைசியில் அவள் மகன் உட்கார்ந்து சுக்கான் பிடித்த பலகை மட்டும் மிஞ்சியது. அதை என் கடைக்குச் சுமந்து வந்தாள்.

“இத நீ எரிச்சிரு.”

“வீட்டுல வச்சுக்கிடுங்கக்கா.”

“வச்சா அதப் பாத்துக்கிட்டே கெடப்பேன். யாரு கடை தொறக்க?”

எரித்தேன். அன்று ஆப்பம் எல்லாம் விற்றது. சாம்பலில் கிடைத்த ஆணிகளை அவளுக்காகத் தனியே வைத்தேன். அவள் கேட்டு வரவே இல்லை. நானும் விற்கவில்லை.